தூக்கமா, கோமாவா?



“ராத்திரி குடித்துவிட்டு வந்தார். தூங்கட்டும் என்று விட்டுவிட்டோம்.” திருக்கோவிலூர் சுற்றுவட்டாரத்தில் நினைவிழந்தவரைத் தூக்கி வருகிறவர்களிடம் நாங்கள் கேட்கும் வார்த்தை இது. அதில் குற்றம் காண மனம் வரவில்லை. குடித்தவர் தூங்குவது வழக்கம்தானே.

ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மெத்தனால் குடித்தவுடன் கொல்வதில்லை. கல்லீரல் அதை மெல்ல மெல்ல ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அதற்கு 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். அதுவரை சாதாரணப் போதை போலவே இருக்கும். பிறகுதான் வயிற்றுவலி, வாந்தி, பனி மூடியது போன்ற பார்வை, மேல்மூச்சு; கடைசியில் கோமா. மாற்று மருந்தும் டயாலிசிசும் நன்றாகப் பலன் தருவது ஆரம்ப மணி நேரங்களில்தான். தாமதித்தால், பிழைத்தவருக்கும் பார்வை போய்விடக்கூடும்.

தூங்குகிறவர் உலுக்கினால் விழிப்பார். கோமாவில் இருப்பவர் கண் திறக்கமாட்டார், பேசமாட்டார், சொன்னதைச் செய்யமாட்டார். 1974இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் டீஸ்டேல், ஜென்னட் இருவரும் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார்கள். கண் திறப்பு, பேச்சு, கைகால் அசைவு மூன்றுக்கும் மதிப்பெண். முழு நினைவுக்கு 15. 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கோமா. (ஒன்றுமே செய்யாதவருக்கும் இதில் 3 கிடைக்கும்!)

அடுத்து, டார்ச் அடித்துக் கண்மணியைப் பார்க்கிறோம். இரண்டும் ஊசிமுனையாகச் சுருங்கி, வாயில் எச்சில் ஒழுகினால் பூச்சிமருந்தைச் சந்தேகிக்கிறோம். ஒன்று மட்டும் விரிந்திருந்தால் மண்டைக்குள் ரத்தக்கசிவு இருக்கலாம். சாராய வாடை வீசுகிறவரும் வண்டியிலிருந்து விழுந்திருக்கலாம் அல்லவா? விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரையும் பார்க்கிறோம். சர்க்கரை குறைந்து மயங்கியவர், குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிடங்களில் எழுந்து, “நான் எங்கே இருக்கிறேன்?” என்று கேட்பதுண்டு.

எங்களை அதிகம் ஏமாற்றுவது கட்டுவிரியன். தரையில் பாய் விரித்துப் படுத்தவரை இரவில் கடிக்கும். வலியோ வீக்கமோ அநேகமாக இராது. விடியும்போது இமைகள் திறவா, நாக்கு புரளாது, கைகால் அசையாது, மூச்சும் திணறும். பார்ப்பதற்குக் கோமாவேதான். ஆனால் விஷம் கட்டிப்போட்டது தசைகளை, மூளையை அல்ல. விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசமும் கொடுத்துத் தேறிய பின், தம்மைச் சுற்றிப் பேசியதை அவர்கள் திருப்பிச் சொல்லக்கூடும். ஆகவே “இனி பிழைக்கமாட்டார்” என்று அந்தக் கட்டில் அருகே யாரும் பேசக்கூடாது என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம்.

உங்கள் தெருவில் ஒருவர் இப்படிக் கிடந்தால், உலுக்கிப் பாருங்கள். விழிக்காவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தண்ணீரோ மோரோ வாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 108ஐ அழையுங்கள். கல்வராயன் மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வழியிலேயே பொழுது போய்விடும். பக்கத்தில் கிடந்த மாத்திரை அட்டை, பூச்சிமருந்து டப்பா, சாராயப் பாக்கெட், எதுவானாலும் கூச்சப்படாமல் கையோடு கொண்டுவாருங்கள்.