தலையில் கட்டு, வலையில் கோல்

2014 டிசம்பர் 21. லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானம். அர்செனல் 2-1 என்று முன்னணியில். எதிரணி வீரரின் பூட்ஸ் மிதித்துத் தலை கிழிந்த மார்ட்டின் ஷ்கர்டெல், நீண்ட சிகிச்சைக்குப் பிறகு வெள்ளைக் கட்டோடு களத்தில் நிற்கிறார். 97-வது நிமிடத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தை அதே தலையால் முட்டுகிறார். கோல்! ஆட்டம் சமன்.

அந்தக் கட்டுத்தான் ரசிகர்களின் மனதில் அவருடைய அடையாளம். மொட்டைத் தலை, உடலெங்கும் பச்சை, சிரிக்காத முகம். ஆனால் இவர் குறையற்ற தடுப்பாட்டக்காரர் அல்ல. எதிரணியினரின் சட்டையைப் பிடித்து இழுக்கிறார் என்ற புகார் ஓயவே இல்லை. 2013-14 லீக் பருவத்தில் எதிரணி வலைக்குள் 7 கோல். சொந்த வலைக்குள் 4! பயிற்சியாளர்களுக்குத் தலைவலிதான். ஆனாலும் காலரி அவரைக் கைவிடவில்லை.

ஸ்லோவாகியாவின் சுரங்க நகரமான ஹாண்ட்லோவாவில் 1984-ல் பிறந்தவர். ட்ரென்சின் கிளப்பிலிருந்து ரஷ்யாவின் ஜெனித் போய், 2007-ல் சாம்பியன் பட்டம் வென்ற கையோடு 2008 ஜனவரியில் லிவர்பூல் வந்தார். எட்டரை ஆண்டுகள், 320 ஆட்டங்கள். கிடைத்ததோ 2012 லீக் கோப்பை ஒன்றுதான். அதன் இறுதி ஆட்டத்திலும் ஒரு கோல் இவருடையது.

தாய்நாட்டில் மதிப்பு வேறு ரகம். 2010 உலகக் கோப்பையில் நடப்புச் சாம்பியன் இத்தாலியை 3-2 என்று வீட்டுக்கு அனுப்பிய அணியில் இருந்தார்; 2016 யூரோ போட்டியில் கேப்டன். மொத்தம் 104 சர்வதேச ஆட்டங்கள்.

பிறகு துருக்கி. 2020-ல் பஷாக்‌ஷெஹிர் அணியோடு லீக் பட்டம். கடைசியாக ஊர் திரும்பி ட்ர்னாவா அணிக்கு ஆடி, 2022-ல் பூட்ஸைக் கழற்றினார்.