பொதுச்சொத்து யார் சொத்து?

சென்னையில் இருந்து அரக்கோணம் போகும் மின்சார ரெயிலில் ஏறுங்கள். அம்பத்தூருக்கு அடுத்த மூன்றாவது நிலையம் ஆவடி.

அம்பத்தூரில் தனியார் தொழிற்சாலைகள் ஏராளம். ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலை அரசாங்கத்துக்குச் சொந்தம்.

எது நல்லது? தனி உடைமையா? பொது உடைமையா?

ஆவடி மாநாடு

1955-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. பிரதமர் நேரு வந்திருந்தார். அப்போது முதல்-மந்திரி காமராஜர்.

"சோஷலிச மாதிரி சமுதாயம்" என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. முக்கிய தொழில்கள் சமுதாயத்தின் கையிலோ கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும். செல்வம் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. தனியார் தொழிலை அது ஒழிக்கவில்லை.

கம்யூனிஸ்டு நாடுகள் அதற்கும் மேலே போயின. நிலம், ஆலை எல்லாம் பொது என்றன. ஏழையைச் சுரண்ட ஆள் இருக்கக்கூடாது என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு சிக்கல் முளைத்தது.

தெருக்குழாயில் தண்ணீர் வீணாக ஓடினால் பார்த்துக்கொண்டே போகிறோம். வீட்டுக்குழாய் என்றால்? ஓடிப்போய் மூடுகிறோம்!

18 குடும்பங்கள்

சீனாவில் அன்ஹுய் மாகாணத்தில் சியாவ்காங் என்று ஒரு சிற்றூர். அங்கே நிலம் எல்லாம் கூட்டுப்பண்ணை. பாடுபட்டவனுக்கும் சோம்பி இருந்தவனுக்கும் ஏறக்குறைய ஒரே பங்கு. விளைச்சல் படுத்தது. மக்கள் பிச்சை எடுக்கப் போனார்கள்.

1978-ல் 18 குடும்பத்தார் ரகசியமாகக் கூடினார்கள். நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்தார்கள். அரசாங்கத்தின் பங்கைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அவரவர் வைத்துக்கொள்வது என்று கைரேகை வைத்தார்கள்.

பிடிபட்டால் சிறை! சிறைக்குப் போகிறவரின் பிள்ளைகளை மற்றவர்கள் வளர்ப்பது என்றும் முடிவு செய்தார்கள்.

மறு ஆண்டு விளைச்சல் பல மடங்கு பெருகியது! பிறகு அரசாங்கமே இந்த முறையை நாடெங்கும் பரப்பியது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த நிலம் இன்றும் தனியார் சொத்து அல்ல. மாறியது உடைமை அல்ல, பொறுப்பு! பாடும் பலனும் ஒரே கைக்கு வந்தன.

சோவியத் யூனியன் காலம் கடந்து விழித்தது. 1991-ல் கலைந்தது. அதற்குக் காரணங்கள் பல. பாட்டுக்கேற்ற பலன் இல்லாதது அவற்றில் ஒன்று.

தொழிலாளியின் கவலை

ஆவடியிலும் ஒரு மாற்றம் நடந்தது. 2021 அக்டோபர் 1-ந் தேதி முதல் நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகள் 7 கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. ஒன்றின் தலைமையகம் ஆவடி. ஏழும் அரசாங்கத்துக்கே சொந்தம்.

பொறுப்பு கூடும் என்றது அரசாங்கம். வேலைக்கு ஆபத்து வருமோ என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. பொறுப்பு ஒருவர் தலையில், பலன் வேறொருவர் பையில் என்றால் எந்த உடைமையும் நிலைக்காது.

நம் ஊர் ஏரியும் பொதுச்சொத்துதான். ஆனால் அந்தக் காலத்தில் மடை திறக்க ஒருவர் இருந்தார். கரையைச் செப்பனிட ஊரார் கூடினார்கள். கரை காத்தவர் வயலுக்கே தண்ணீர் பாய்ந்தது. அதனால்தான் ஏரி பல தலைமுறை வாழ்ந்தது.