ஒரு தினமும் பல சகாப்தங்களும்

1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் பாரத தேசம் சுதந்திரம் அடைந்தது. அந்தத் தினத்தையே தமிழ்ப் பஞ்சாங்கம் சர்வஜித்து வருஷத்து ஆடி மாதக் கடைசியில் குறித்தது. சாலிவாகன சக வருஷப்படி அது 1869. கலியுகத்தில் சென்ற ஆண்டுகள் 5048. மலையாள தேசத்தார்க்குக் கொல்லம் 1122. இஸ்லாமியர்க்கு ஹிஜ்ரி 1366, ரமலான் மாதம். தாலுகா கச்சேரிக் கணக்கிலோ பசலி 1357.

இந்த வேற்றுமைக்கு முக்கிய காரணங்கள் மூன்று: எண்ணத் தொடங்கிய காலம், வருஷம் பிறக்கும் நாள், வருஷத்தின் நீளம். விக்கிரம சகாப்தம் ஒன்றே எனினும், வடநாட்டில் சைத்திர மாதத்திலும் குஜராத்தில் தீபாவளியை அடுத்தும் ஆண்டு பிறப்பதால், அன்று காசியில் 2004 ஆகவும் ஆமதாபாத்தில் 2003 ஆகவும் இருந்தது.

நீளத்தின் விளைவைப் பசலியில் தெளிவாகக் காணலாம். சந்திரனை மட்டும் அனுசரிக்கும் ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்களே உண்டு. அறுவடைக் காலத்தையொட்டி வரி தண்டவேண்டிய அரசாங்கத்துக்கு, பருவங்களைவிட்டு விலகிச் செல்லும் அவ்வாண்டு பயன்படாது. ஆகவே ஷாஜஹான் காலத்தில், 1636-இல், ஹிஜ்ரி 1046 என்ற எண்ணை அப்படியே மேற்கொண்டு, அதுமுதல் சூரிய வருஷங்களாக எண்ணும் பசலி தக்காணத்தில் ஏற்பட்டது. ஒரே எண்ணிலிருந்து புறப்பட்ட இரண்டும், ஆண்டுக்குப் பதினொரு நாள் வீதம் விலகி, 1947-இல் ஒன்பது எண் இடைவெளி பெற்றுவிட்டன.

சர்வஜித்து முதலான பெயர்களோ அறுபது ஆண்டுக்கொருமுறை திரும்ப வருபவை. 1887-உம் சர்வஜித்தே. ஆதலால் அப்பெயரை மட்டும் தாங்கிய பழைய சாசனத்தின் காலத்தை அதைக்கொண்டே நிச்சயிக்க இயலாது. சக வருஷமும் உடன் பொறிக்கப்பட்டிருப்பின் ஐயம் பெரும்பாலும் அகலும். அங்கும், அவ்வெண் சென்ற ஆண்டைக் குறிப்பதா, நடக்கும் ஆண்டைக் குறிப்பதா என்று ஆராய்வது அவசியம். இல்லையேல் ஓராண்டு பிழைபடும்.

மேகநாத சாஹாவின் தலைமையில் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவின் யோசனைப்படி, 1957 மார்ச்சு 22-ஆம் நாள், சக 1879 சைத்திரம் முதல் தேதியாக, தேசிய நாட்காட்டி அமலுக்கு வந்தது. ஆயினும் பழைய கணக்குகள் வழக்கொழியவில்லை. பூஜைக்கும் நோன்புக்கும் நிலவரிக்கும் அவை இன்றும் வேண்டியிருக்கின்றன. எந்த வேலைக்காக ஓர் ஆண்டு எண்ணப்பட்டது என்பதை அறிந்தவனே அதன் எண்ணைப் பிழையின்றிப் படிக்க வல்லவன்.