காருக்கு ஒரே சாவிதானா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி!

கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஓர் ஊர். மரவள்ளிக்கிழங்கு விற்ற காசும் சீட்டு எடுத்த காசும் சேர்ந்து, ஒரு வீட்டில் ஒன்றரை லட்ச ரூபாய் சேர்ந்திருக்கிறது. 'ராத்திரியில யாருக்காவது முடியலைன்னா, மலை இறங்க நமக்குன்னு ஒரு வண்டி வேணும்' என்பது அந்த வீட்டின் பல வருடப் பேச்சு. அப்பாவும் மகனும் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறுகிறார்கள். அங்கே கார் கன்சல்டிங் ஒன்றில், பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய சின்ன கார் ஒன்று பிடித்துப்போகிறது. டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். ஏ.சி-யைப் போட்டுப் பார்க்கிறார்கள். பேட்டரி எப்போது மாற்றியது என்று கேட்கிறார்கள். கடைசியாகத்தான் மகன் கேட்கிறான்.

"சாவி ஒண்ணுதான் இருக்கா அண்ணே?"

"இன்னொண்ணை ஓனர் எங்கயோ தொலைச்சிட்டாராம் தம்பி. டூப்ளிகேட் போட்டுக்கலாம், முந்நூறு ரூபா வேலை!"

இது குறிப்பிட்ட ஒரு குடும்பத்தின் கதை அல்ல. பழைய கார் விற்கும் எந்த ஊரிலும், எந்த நாளும் நடக்கக்கூடிய உரையாடல்தான். ஆனால், அந்த 'முந்நூறு ரூபா வேலை'யில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

கதவு திறக்கும்... இன்ஜின் ஓடாது!

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஆரம்பகால மாருதி 800 போன்ற கார்களுக்குச் சாவி என்பது வெறும் இரும்புத்துண்டுதான். பல் சரியாக வெட்டினால் போதும். கதவும் திறக்கும், இன்ஜினும் ஓடும். பூட்டு சாவி ரிப்பேர் செய்பவரே சில நூறு ரூபாயில் முடித்துக் கொடுத்துவிடுவார்.

ஆனால், கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் வந்த பெரும்பாலான கார்கள் அப்படி இல்லை. சாவியின் பிளாஸ்டிக் தலைப்பகுதிக்குள் ஒரு சின்னஞ்சிறு சிப் இருக்கிறது. அதற்கு பேட்டரி கிடையாது. சாவி போடும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கும். சாவியைத் திருப்பியதும், அந்தச் சுருளிலிருந்து வரும் ரேடியோ அலையே சிப்பை உசுப்பிவிடுகிறது. உடனே சிப் தன் ரகசிய எண்ணைச் சொல்லும். 'இது நம்ம வீட்டுச் சாவிதான்' என்று காரின் கம்ப்யூட்டர் ஒப்புக்கொண்டால்தான் இன்ஜின் ஓடும். இதற்குப் பெயர் இம்மொபிலைசர்.

சிப் இல்லாமல் பல்லை மட்டும் வெட்டிய சாவியால் கதவைத் திறக்கலாம். ஸ்டார்ட்டர் மோட்டார்கூட சில மாடல்களில் சுற்றும். ஆனால், இன்ஜின் பிடிக்காது. அல்லது பிடித்த வேகத்தில் அணைந்துவிடும். மீட்டர் போர்டில் சாவி அல்லது பூட்டு படம் போட்ட விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும்.

இங்கே பலரும் குழம்பும் ஒரு விஷயம், ரிமோட். கதவைத் திறக்கும் ரிமோட் பட்டன் வேறு, இன்ஜினை ஓட விடும் சிப் வேறு. ரிமோட்டின் பேட்டரி தீர்ந்தாலும் சாவி போட்டுத் திருப்பும் கார் ஸ்டார்ட் ஆகும். ரிமோட் வேலை செய்கிறது என்பதற்காக சிப் சரியாக இருக்கிறது என்று அர்த்தமும் இல்லை.

ஏன் இத்தனை கெடுபிடி?

எல்லாம் திருட்டுக்கு பயந்துதான். ஐரோப்பிய ஒன்றியம் 1998-லேயே புதிய கார் மாடல்களுக்கு இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியது. இதனால் கார் திருட்டு சுமார் 40 சதவிகிதம் குறைந்ததாக நெதர்லாந்துப் பொருளாதார ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

இதற்கு நேர்மாறான பாடத்தை அமெரிக்கா படித்தது. 2015-ம் ஆண்டு மாடல்களில் ஹூண்டாய், கியா தவிர்த்த மற்ற நிறுவனங்களின் கார்களில் 96 சதவிகிதத்தில் இம்மொபிலைசர் இருந்தது. அங்கே விற்ற ஹூண்டாய், கியா கார்களில் அது 26 சதவிகிதம்தான். சில ஆண்டுகள் கழித்து, அந்த கார்களைச் சாவியே இல்லாமல் கிளப்புவது எப்படி என்று டிக்டாக்கில் வீடியோக்கள் பரவ, இளைஞர்கள் விளையாட்டுப்போல கார்களைத் திருட ஆரம்பித்தார்கள்.

ஆக, இரண்டாவது சாவி வாங்கும்போது நமக்குத் தொல்லையாகத் தெரியும் அதே சிப்தான், வாசலில் நிற்கும் காருக்குக் காவல்.

இரண்டாவது சாவி எங்கே போனது?

புதிய கார் வாங்கும்போது வழக்கமாக இரண்டு சாவிகள் தருவார்கள். ஒன்று குறைந்தால், அதற்கு ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும்.

பெரும்பாலும் அது சாதாரணக் காரணம்தான். பஸ்ஸில் விழுந்திருக்கும், பீரோவுக்குப் பின்னால் கிடக்கும். சில நேரம் கடன் விவகாரம். கடன் கொடுக்கும் ஃபைனான்ஸ்காரர்கள் சிலர், இரண்டாவது சாவியைத் தாங்களே வாங்கி வைத்துக்கொள்வது உண்டு. தவணை கட்டாததால் தூக்கிவந்து ஏலம் விட்ட வண்டி என்றால், பழைய உரிமையாளர் ஒரு சாவியைக் கொடுக்காமலே இருந்திருக்கலாம். எப்போதாவது, அது திருட்டு வண்டியாகவும் இருக்கலாம்.

எந்தக் காரணம் என்று கண்டுபிடிக்க, காரிலேயே சில தடயங்கள் இருக்கின்றன. இருக்கும் ஒரே சாவியால் டிரைவர் கதவு, டிக்கி, இன்ஜின் எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள். கதவுக்கு ஒன்று, இன்ஜினுக்கு வேறொன்று என்று இரண்டு விதமான சாவிகள் தந்தால், யாரோ ஒரு பூட்டை மாற்றியிருக்கிறார்கள். ஏன் மாற்றினார்கள், அதற்கு பில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். சாவித் துவாரத்தைச் சுற்றிக் கீறல், நெம்பிய தடம் இருந்தாலும் இதே கேள்விதான்.

அடுத்தது காகிதம். சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி-யில் உள்ளபடி இருக்கின்றனவா என்று வண்டியில் நேரில் ஒப்பிட வேண்டும். எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால், பதிவுத் தேதி, இன்ஷூரன்ஸ், கடன் விவரங்களைப் பார்க்கலாம். கடன் இன்னும் காட்டினால், ஃபைனான்ஸ் நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். இரண்டாவது சாவி அவர்களிடம் இருந்தால், அதையும் அப்போதே கேட்டு வாங்கிவிடலாம்.

யார் பெயரில் ஆர்.சி... அவர்தான் கேட்க முடியும்!

கம்பெனி சர்வீஸ் சென்டரில் புதுச் சாவி ஆர்டர் செய்ய, ஆர்.சி-யும் உரிமையாளரின் அடையாள அட்டையும் கேட்பார்கள். சாவி தொலைந்ததற்கு போலீஸில் கொடுத்த மனுவின் சி.எஸ்.ஆர் ரசீதையும் சில இடங்களில் கேட்பது உண்டு. ஆர்.சி உங்கள் பெயருக்கு மாறாத வரை, அந்த கவுன்டரில் நீங்கள் வெளியாள்தான். பணம் கொடுத்து, வண்டியை மலைக்கு ஓட்டி வந்த பிறகு, பழைய உரிமையாளர் போனை எடுக்கவில்லை என்றால் சாவி வேலை அப்படியே நின்றுவிடும்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் சாவி, பிறகு முழுப் பணம். விற்பவர் பெயரிலேயே இரண்டாவது சாவிக்கு ஆர்டர் கொடுக்கச் சொல்லலாம். முடியாது என்றால், சர்வீஸ் சென்டரில் அந்த மாடலுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டு, அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லலாம். சிப் சாவி என்றால் பொதுவாகச் சில ஆயிரங்கள். பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் ஸ்மார்ட் கீ என்றால் பத்தாயிரத்தைத் தாண்டவும் செய்யும். 'முந்நூறு ரூபா வேலை' என்ற பேச்சை நம்பிப் பேரத்தை முடித்தால், நஷ்டம் வாங்கியவருக்குத்தான்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கும்போதே, சாவி தொலைந்தது பற்றி விற்பவரிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்வது நல்லது. பெயர் மாற்றத்தையும் தள்ளிப்போடக் கூடாது. அது விற்பவருக்கும் பாதுகாப்பு. வண்டி கைமாறினாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர். விபத்து நடந்தால் அவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தொலைந்த சாவி யார் கையில்?

புதுச் சாவி வந்ததும் வேலை முடிந்ததா? இல்லை. தொலைந்த சாவியை காரின் கம்ப்யூட்டர் இன்னும் மறக்கவில்லை. புதுச் சாவியைப் பதிவு செய்யும்போதே, 'பழைய சாவியை அழித்துவிடுங்கள்' என்று சொல்ல வேண்டும். பெரும்பாலான மாடல்களில் இதைச் செய்ய முடியும். அதன் பிறகு அந்தச் சாவி யார் கையில் கிடைத்தாலும் இன்ஜின் ஓடாது. கதவு மட்டும் திறக்கும். அதுவும் கூடாது என்றால், லாக் செட்டையே மாற்ற வேண்டும்.

இன்னொன்று, கன்சல்டிங்கில் இரண்டு சாவிகள் தந்தாலும் இரண்டையும் போட்டு இன்ஜினை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பல் மட்டும் வெட்டிய, சிப் இல்லாத சாவியும் பார்வைக்கு அச்சு அசலாக அப்படியேதான் இருக்கும்.

இன்ஷூரன்ஸிலும் சாவிக்கு வேலை உண்டு. கார் திருடுபோய் பணம் கேட்டால், எஃப்.ஐ.ஆருடன் இரண்டு சாவிகளையும் காப்பீட்டு நிறுவனங்கள் கேட்பது வழக்கம். ஒன்று தொலைந்திருந்தால், அதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அத்தாட்சி வாங்கி வைத்திருக்க வேண்டும். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு டிரைவர் இறங்கிய நேரத்தில் திருடுபோன ஒரு லாரி வழக்கில், 75 சதவிகிதத் தொகையைத்தான் 2023-ல் உச்ச நீதிமன்றம் வழங்கச் சொன்னது. அந்தக் கவனக்குறைவின் விலை 25 சதவிகிதம்! மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருக்கும் பழைய கார் என்றால், திருட்டுக்கு ஒரு ரூபாய்கூட வராது. அந்த கார்களுக்குச் சாவிதான் காப்பீடு.

மலையில் இருப்பவருக்கு இரண்டு மடங்கு முக்கியம்

நகரத்தில் சாவி தொலைந்தால் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். கல்வராயன் மலையில் அப்படி இல்லை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே ஏறிவிட்டால், வளைவுக்கு வளைவு காடுதான். எல்லா இடத்திலும் செல்போன் சிக்னல் கிடைக்காது. மேகம் அருவியில் குளிக்கும்போது பாக்கெட்டிலிருந்து சாவி நழுவினால், அந்த மாடலுக்குச் சாவி போடத் தெரிந்தவரை கள்ளக்குறிச்சியிலோ, சில மாடல்களுக்கு சேலம் வரை போயோ தேட வேண்டியிருக்கும்.

அதிலும், கையில் இருந்த ஒரே சாவி அதுதான் என்றால் செலவு பல மடங்கு. ஒரு சாவி இருக்கும்போது இன்னொன்று போடுவது சுலபம். எதுவுமே இல்லை என்றால் காரை வேறு வண்டியில் ஏற்றிக் கீழே இறக்க வேண்டும்; சில மாடல்களில் கம்ப்யூட்டரையும் லாக் செட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும். ஒன்றரை லட்ச ரூபாய் காருக்கு அது தாங்காத செலவு.

பணத்தைவிடப் பெரிய கணக்கும் ஒன்று இருக்கிறது. அந்தக் குடும்பம் கார் வாங்க ஆசைப்பட்டதே, நடுராத்திரியில் ஒரு கர்ப்பிணியையோ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட பெரியவரையோ மலை இறக்கி ஆஸ்பத்திரி சேர்க்கத்தான். மகன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போயிருக்கும் நேரத்தில் அப்படி ஒன்று நடந்தால், வாசலில் நிற்கும் கார் வெறும் தகரம். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் இரண்டாவது சாவிதான் அந்த நேரத்தில் உயிர் காக்கும்.

யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்குச் சண்டை போடலாமா என்று ஊரில் சொல்வார்கள். அது விற்பவருக்குச் சொன்னது. வாங்குபவர் சண்டை போடலாம். அங்குசம் கைக்கு வந்த பிறகே யானைக்குக் காசை எண்ணலாம்!