மே மாதத்துக்கென்று ஒரு விலை

மே 10-ஆம் தேதி இரவு சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் போக வேண்டுமா? மார்ச் 11-ஆம் தேதி காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. அந்த மார்ச் 11-ஆம் தேதி நம் வீடுகளில் என்ன நடந்துகொண்டிருக்கும்? பெரியவள் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பாள். சின்னவனுக்கு முழு ஆண்டுத் தேர்வு அட்டவணையே வந்திருக்காது. பள்ளி என்றைக்கு மூடும், ஸ்பெஷல் கிளாஸ் உண்டா என்று கேட்டால், "சர்குலர் அனுப்புவோம் சார்" என்பார்கள். சர்குலர் வாட்ஸ்அப்பில் வந்து விழும் நாளில் வெயிட்டிங் லிஸ்ட் நீண்டுபோயிருக்கும்.

விடுமுறைச் செலவு அங்கேதான் ஏறத் தொடங்குகிறது. ரயிலைத் தவறவிட்டவர் தட்கலுக்கு ஓடுகிறார். அதுவும் கைவிட்டால் ஆம்னி பஸ், அதற்கும் மேல் வாடகைக் கார். தேதியை மாற்ற முடியாது, ஆள் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது, பிள்ளைகளிடம் "போறோம்" என்று சொல்லியும் ஆகிவிட்டது. விற்பவருக்கு இதைவிடத் தோதான வாடிக்கையாளர் எங்கே கிடைப்பார்?

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றைத்தான். சீசனில் விலையை ஏற்றுவது பெரும்பாலும் சட்டப்படி குற்றமில்லை. அதை எதிர்த்து மல்லுக்கட்டினால் நேரம்தான் வீணாகும். ஆனால் அந்த விலையோடு ஒட்டிக்கொண்டு வருகிற வேறு சில விஷயங்கள் உண்டு: பேசிய வாடகையைப் பிறகு மாற்றுவது, பில்லில் கேட்காததைச் சேர்ப்பது, ரத்தான பயணத்துக்குப் பணம் தர மறுப்பது. அவற்றை எதிர்த்து நிற்கச் சட்டம் இடம் தருகிறது. நம்மில் பலரும் விலைக்காகச் சண்டை போட்டுக் களைத்துப்போய், இந்த இரண்டாவது வகையைத் தலைவிதி என்று விட்டுவிடுகிறோம்.

முதலில் விலை ஏன் ஏறுகிறது என்று பார்ப்போம். ஊட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். கேரளப் பள்ளிகளுக்கு ஏப்ரலும் மே மாதமும் விடுமுறை. கர்நாடகத்தில் ஏறக்குறைய ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை. தமிழ்நாட்டில் ஏப்ரல் இறுதியில் மூடி ஜூன் முதல் பாதியில் திறப்பார்கள். மூன்று காலண்டர்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள், மே மாதம் முழுக்க மூன்றும் ஒன்றாக விழும். கோழிக்கோடு, மைசூரு, கோயம்புத்தூர் மூன்றிலிருந்தும் சில மணி நேரத்தில் ஏறிவிடக்கூடிய மலை அது. மலர்க் கண்காட்சியும் அதே மாதம். மலை மட்டும் வளர்வதில்லை.

வளராது என்பதை நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பல குடும்பங்கள் அறைக்கு முன்பணம் கட்டிவிட்டு, கிளம்புவதற்கு முந்தைய நாள் இ-பாஸைத் தேடுகின்றன. சனிக்கிழமைக்குப் பாஸ் தீர்ந்துபோயிருந்தால் விடுதிக்காரர் பணத்தைத் திருப்பித் தரமாட்டார். அவர் அறை தரத் தயாராகத்தானே இருக்கிறார்! அதனால் முதலில் பாஸ், பிறகு முன்பணம். பாஸுக்குக் கட்டணம் கிடையாது; எடுத்துத் தருகிறேன் என்று யாராவது நூறு இருநூறு கேட்டால் கொடுக்காதீர்கள். அரசுப் பேருந்தில் ஏறினால் பாஸே வேண்டாம்.

விடுதிக்காரர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. மலையூர்களில் பல காட்டேஜ்கள் வருடக் குத்தகைக்கு எடுத்து நடத்தப்படுபவை. மழைக்காலத்தில் நாலு அறையில் ஒன்று நிரம்பினாலே பெரிது. சமையல்காரர் சம்பளம், கரண்ட் பில், குத்தகைப் பணம் எல்லாவற்றையும் இந்த நாற்பது, ஐம்பது நாளில் தேற்றியாக வேண்டும். ஆம்னி பஸ்காரர்களும் இதே மாதிரி ஒரு கணக்குச் சொல்கிறார்கள்: லீவு விட்ட அன்று கிளாம்பாக்கத்திலிருந்து தெற்கே போகிற வண்டி நிரம்பி வழியும், திரும்பி வரும்போது காலியாக வரும், இரண்டு வழிக்கும் டீசல் ஒரு வழியில்தான் எடுக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, டிக்கெட் நம் கையில் இல்லாதவரை.

ஆம்னி பஸ் கட்டணத்தை அரசு ஏன் கட்டுப்படுத்துவதில்லை என்று ஒவ்வொரு லீவிலும் கேட்கிறோம். அரசுப் பேருந்துகளுக்கும் ஊருக்குள் ஓடும் தனியார் பேருந்துகளுக்கும் கட்டணம் அரசு நிர்ணயிப்பது. ஆம்னி பஸ்ஸின் பெர்மிட் வகையே வேறு, ஒப்பந்த ஊர்தி என்பார்கள். அதற்கு அந்த நிர்ணயம் கிடையாது. உரிமையாளர் சங்கங்கள் பண்டிகைக் காலத்தில் அதிகபட்சக் கட்டணப் பட்டியல் ஒன்றை அறிவிக்கின்றன. அதைத் தாண்டி வாங்கினால் போக்குவரத்துத் துறையின் 1800 425 6151 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம். டிக்கெட்டின் படமும் வண்டி எண்ணும் கையில் இருக்கட்டும். அவை இல்லாத புகார் காற்றோடு போய்விடும்.

ரயிலில் இரண்டே விஷயம். 5 வயது முதல் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்டால், 2016 ஏப்ரலிலிருந்து முழுக் கட்டணம். பெர்த் வேண்டாமென்றால்தான் பாதி. "அரை டிக்கெட்" என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருப்பவர்கள் அங்கேயே சறுக்குகிறார்கள். இன்னொன்று தட்கல். ஏ.சி. வகுப்புக்கு முந்தைய நாள் காலை 10 மணி, மற்றவைக்கு 11 மணி. 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில்தான் ஆன்லைன் தட்கல் கிடைக்கும். 9.58-க்கு உட்கார்ந்து ஆதாரை இணைக்க முயல்வதைவிட, இன்றைக்கே ஐந்து நிமிடம் ஒதுக்கி முடித்துவிடுங்கள். உறுதியான தட்கல் டிக்கெட்டை நாமாக ரத்து செய்தால் பணம் வராது. ஆனால் ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் ஏறாமல் விட்டால் முழுப் பணமும் கிடைக்கும், தட்கலாக இருந்தாலும். அதற்கான டி.டி.ஆர். விண்ணப்பத்தை ரயில் கிளம்புவதற்குள் பதிந்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்து நிதானமாகப் பதியலாம் என்று நினைத்தவர்கள் நிறைய இழந்திருக்கிறார்கள்.

விமானக் கட்டணத்துக்குச் சாதாரண நாட்களில் உச்சவரம்பு கிடையாது. கொரோனா காலத்தில் 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை அரசு வரம்பு வைத்தது. 2025 டிசம்பரில் விமான சேவை பெருமளவு முடங்கியபோதும் தற்காலிகமாக வைத்தது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய். பள்ளி விடுமுறையை அரசு அப்படியொரு நெருக்கடியாகக் கருதுவதில்லை.

இங்கே குடும்பங்கள் மட்டும் விழுகிற ஒரு குழியைச் சொல்ல வேண்டும். ஒரே விமானத்தின் இருக்கைகளை நிறுவனங்கள் பல விலை அடுக்குகளாகப் பிரித்து வைத்திருக்கும். கீழடுக்கில் மூன்று இருக்கைதான் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நான்கு பேருக்கு எனத் தேடினால், நான்கும் கிடைக்கிற மேலடுக்கின் விலையையே கணினி நால்வருக்கும் போட்டுவிடும். அதனால் முதலில் ஒருவருக்கு, பிறகு இருவருக்கு என்று தேடிப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இரண்டாகப் பிரித்து எடுக்கலாம். ஆனால் பிள்ளையையும் பெற்றவரையும் வேறு வேறு பி.என்.ஆரில் போட்டுவிடாதீர்கள். 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே பி.என்.ஆரில் பயணிக்கிற பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரின் பக்கத்திலேயே இடம் ஒதுக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024-இல் உத்தரவிட்டிருக்கிறது. பயந்துபோய் ஒவ்வொரு இருக்கைக்கும் ஐந்நூறு, ஆயிரம் கட்டுவதற்கு முன் இதைக் கவுன்ட்டரில் நினைவுபடுத்துங்கள்.

விமான நிறுவனமே பயணத்தை ரத்து செய்தால், மாற்று விமானமா பணமா என்று தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. "கிரெடிட்டா வச்சுக்கோங்க மேடம், அடுத்த ட்ரிப்புக்கு யூஸ் ஆகும்" என்று தேனொழுகச் சொல்வார்கள். ஏற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நீங்களே ரத்து செய்தாலும், டிக்கெட்டில் அடங்கிய விமான நிலையக் கட்டணங்களைத் திருப்பித் தந்தாக வேண்டும். ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது.

அறை வாடகையில் ஜி.எஸ்.டி. செய்கிற வேலையைப் பலர் கவனிப்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை 5 சதவீதம். அதற்கு மேல் போனால் 18. கணக்குப் போட்டுப் பாருங்கள். 7,400 ரூபாய் அறைக்கு வரியோடு 7,770. அதே அறை சீசனில் 7,600 ஆனால், வரியோடு 8,968. வாடகையில் ஏறியது 200, பாக்கெட்டிலிருந்து போனது 1,198. எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற அறை என்றால் விடுதியில் பேசிப் பாருங்கள். 7,500-க்கே அறையைத் தந்தால் அவருக்கு 100 ரூபாய்தான் நஷ்டம், உங்களுக்கு ஆயிரத்துக்கும் மேல் மிச்சம்.

இனி சண்டை போட வேண்டிய இடம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மலையூரில் மூன்று வாரம் முன்பே செயலி வழியாக அறை எடுத்திருந்தோம். கிளம்புகிற நாள் மதியம் போன் வந்தது. "சார், உங்க ரூம்ல பைப் உடைஞ்சு தண்ணி நிக்குது. வேற ரூம் இருக்கு, மூவாயிரம் கூட ஆகும்." பைப் உடைந்திருக்கட்டும், அதையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள் என்றேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எழுத்தெல்லாம் எதுக்கு சார்" என்றார். அந்த இரவு பக்கத்தில் வேறொரு லாட்ஜில் கூடுதல் வாடகைக்குத் தங்கினோம். அவருக்கு நானே எழுதினேன்: இன்ன தேதி, இன்ன முன்பதிவு எண், இத்தனை மணிக்கு நீங்கள் சொன்னது இது. அவர் மறுக்கவில்லை, படித்ததற்கான நீலக் குறி மட்டும் விழுந்தது. லாட்ஜ் பில்லோடு அதைச் செயலியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்பினேன். மின்வணிக விதிகள் 2020-இன்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பதில் இழுத்ததும் 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, பேசினேன். ஐந்தாவது வாரம் முன்பணமும் வாடகை வித்தியாசமும் கணக்கில் ஏறின. மூவாயிரத்துக்கு இத்தனை பாடா என்று மனைவி கேட்டது வேறு விஷயம்.

திரையில் நடக்கிற ஏமாற்றுக்கும் இப்போது சட்டத் தடை இருக்கிறது. "இன்னும் ஒரே அறைதான்" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, நாம் கேட்காமலே காப்பீட்டையும் நன்கொடையையும் கூடையில் போடுவது, முதலில் ஒரு விலையைக் காட்டிவிட்டுப் பணம் கட்டும் பக்கத்தில் கட்டணங்களைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இப்படி 13 வகைகளைத் தடை செய்தன. தேடல் பக்கம், கட்டணப் பக்கம் இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் அதுவே சாட்சி. சாப்பாட்டு பில்லில் சேவைக் கட்டணம் தானாக ஏறியிருந்தால் எடுக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிப்படுத்தியிருக்கிறது.

இதையெல்லாம்விட மோசமானது போலி விடுதி. மே மாதத்தில் எல்லா இடமும் நிரம்பிய பிறகு, பாதி விலைக்கு ஒரு காட்டேஜ் படங்களோடு தென்படும். எண்ணுக்கு அழைத்தால் இனிமையாகப் பேசி, முழுப் பணத்தையும் யு.பி.ஐ.யில் கேட்பார்கள். மலையேறிப் போனால் அங்கே தேயிலைச் செடிதான் இருக்கும். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

பிற நாடுகள் என்ன செய்கின்றன என்றும் ஒரு பார்வை பார்க்கலாம். ஜெர்மனியின் 16 மாநிலங்களும் கோடை விடுமுறையைப் பேசி வைத்து, ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை வேறு வேறு தேதிகளில் விடுகின்றன. பிரான்ஸ் குளிர்கால, வசந்த விடுமுறைகளுக்கு நாட்டை மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறது. இங்கிலாந்தில் அந்த வழி இல்லாததால், பள்ளி நாளிலேயே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு பிள்ளைக்குப் பெற்றோர் ஒவ்வொருவரும் கட்டும் 80 பவுண்டு அபராதத்தையும் பயணச் செலவில் சேர்த்துக்கொள்கிற பெற்றோர் இருக்கிறார்கள். நம் மூன்று மாநிலங்களும் பேசி வைத்து ஒரு வாரமாவது தள்ளி விட்டால் என்ன என்று தோன்றும். ஆனால் இங்கே காலண்டரை வகுப்பது சூரியன். மே வெயிலில் எந்த அரசும் பள்ளியைத் திறக்கத் துணியாது.

ஆகவே கையில் இருப்பது சிறிய உபாயங்களே. ஞாயிறு இரவு ஏறி வியாழன் இறங்குவது. ஊட்டிக்குச் செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன் உண்டு. காலாண்டு விடுமுறை அதில்தான் வருகிறது. கொல்லிமலையும் ஏலகிரியும் மே மாதத்திலும் இத்தனை நெருக்கடியில் சிக்குவதில்லை.

1915-இலும் தீராத விவகாரத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விடுதி எந்த மலையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் பதியலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். போன மே மாதத்து பில் இன்னும் போனில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், அதற்கும் நேரம் இருக்கிறது.