அவ்வாவிடம் எந்த மொழியில் கேட்பது?

இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய பக்கத்து வீட்டுத் தம்பி, ஓசூர் டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் சரியில்லை.

"எங்க அவ்வாவுக்கு ஞாபகம் போயிடுச்சாம்ணா. பத்து வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டாங்க. ரெண்டுதான் சொன்னாங்க."

"எந்த பாஷையில கேட்டாங்க?"

"தமிழ்லதான்."

அவ்வா, அதாவது அவருடைய பாட்டி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். சந்தையில் கன்னடம், பஸ்ஸில் தமிழ். பள்ளிக்கூடம் போனதில்லை. அந்த 'ரெண்டு' மறதியால் வந்ததா, மொழியால் வந்ததா என்று யாரும் யோசிக்கவில்லை. இன்னொரு டீ சொன்னேன்.

ஞாபகம் என்பது ஒன்றல்ல, தம்பி. ராகிக் களி கிண்டும் பக்குவம் அவ்வாவின் கையில் இருக்கிறது. கிருஷ்ணகிரி என்றால் மாம்பழம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்; யார் சொல்லி, என்றைக்குத் தெரிந்துகொண்டோம் என்பது நினைவில்லை. 'போன ஞாயிறு சந்தையில் தங்கச்சியைப் பார்த்தேன், மழை பிடித்துக்கொண்டது' என்பது வேறு வகை. என்ன, எங்கே, எப்போது மூன்றும் ஒரே முடிச்சாக வரும். 1972-ல் கனடா உளவியலாளர் எண்டல் டல்விங் இதைத் தனியாகப் பிரித்துப் பெயர் வைத்தார். நிகழ்வு நினைவு எனலாம்.

இவை தனித்தனி என்பதற்கு ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர் சாட்சி. வலிப்பு நோய்க்காக 1953-ல் அவர் மூளையின் இரு பக்கத்திலும், நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பில் ஒரு பெரிய பகுதியை அகற்றினார்கள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரைய அவரைப் பழக்கினார் உளவியலாளர் பிரெண்டா மில்னர். நாளுக்கு நாள் கை தேறியது. முந்தின நாள் வரைந்தது மட்டும் அவருக்கு நினைவே இல்லை.

மூன்று வயதுக் குழந்தை தாத்தா வீட்டில் கோழி பார்த்ததைச் சொல்லும். நேற்றா, போன மாதமா என்றால் குழம்பும். அந்த முடிச்சு நான்கு வயதுக்கு மேல் மெல்ல இறுகுகிறது, முதுமையில் தளர்கிறது. அதனால்தான் குழந்தையிடம் பொம்மையை ஒளித்து வைத்துக் கேட்கிறார்கள், பெரியவர்களிடம் சொற்பட்டியலோ சின்னக் கதையோ சொல்லிக் கேட்கிறார்கள். எழுபது வயதுக்காரரை அதே வயது, அதே அளவு படிப்பு உள்ளவர்களோடுதான் ஒப்பிட வேண்டும்.

கவனிக்க வேண்டிய இடம் இது. குடம், ஏணி, ரோஜா என்று பட்டியல் போகிறது. இருபது நிமிடம் கழித்து அவ்வாவுக்கு ரோஜா வரவில்லை என்று வையுங்கள். "ஒரு பூ இருந்ததே?" என்று எடுத்துக் கொடுத்தால் "ரோஜா" என்கிறார். அப்படியானால் சொல் உள்ளே போய்த் தங்கியிருக்கிறது, எடுக்கத்தான் சிரமம். வயதின் இயல்பான தளர்ச்சி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அல்சைமர் நோய் ஹிப்போகாம்பஸையும் அதன் அக்கம்பக்கத்தையும் முதலில் தாக்குவதால் சொல் சரியாகப் பதிவதில்லை. குறிப்புக் கொடுத்தும் பயன் குறைவு. எத்தனை சொன்னார் என்பதோடு, குறிப்புக் கொடுத்தபின் என்ன ஆயிற்று என்பதையும் கேளுங்கள்.

படிக்காதவருக்குத் தொடர்பில்லாத சொற்களை ஒப்பிக்கும் பழக்கமே இருந்திருக்காது. இந்தச் சிக்கல் பழையது. 1990-களில் ஹரியானாவின் பல்லப்கரில், எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்காகவே ஒரு பரிசோதனையை இந்தியில் மாற்றி அமைத்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே, கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்தில் (அதுவும் மாம்பழ ஊர்தான்) பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம் 45 வயதைத் தாண்டிய 10,000 கிராமத்தாரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதிக்கும் பெரிய ஆய்வை நடத்துகிறது. ஒருவரின் இன்றைய மதிப்பெண்ணை அவருடைய பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிடுவதே மிக நேர்மையான அளவு என்பது என் எண்ணம்.

பல மொழி பேசுவது அவ்வாவுக்குப் பரிசோதனையில் இடைஞ்சலாக இருந்திருக்கலாம். ஆனால் சுவர்ணா அல்லாடி குழுவினர் ஹைதராபாத்தில் 648 டிமென்ஷியா (மறதிநோய்) நோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டது வேறொன்றைச் சொல்கிறது: ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட, ஒன்றுக்கு மேல் பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டுகள் தாமதமாக வந்திருந்தது. எழுத்தறிவில்லாதவர்களிடமும் அந்த வித்தியாசம் தெரிந்தது. இதையே எல்லா ஆய்வும் சொல்லவில்லை. ஆனாலும் மூன்று மொழி புழங்கும் இந்த எல்லையில் வாழ்கிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

தம்பி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அப்ப, அவ்வாவுக்கு ஒண்ணும் இல்லையாண்ணா?"

அப்படி நான் சொல்ல முடியாது, தம்பி. மறுபடி பரிசோதிக்க வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. தெலுங்கிலேயே கேட்கச் சொல்லுங்கள். மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போங்கள்; காது சரியாகக் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனை உண்டா, மனச்சோர்வு இருக்கிறதா என்றும் கேளுங்கள். பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றால் வரும் மறதிக்கு மருந்து உண்டு. இரவு ஷிப்ட் முடிந்த கையோடு கிளம்பாதீர்கள். நன்றாகத் தூங்கிவிட்டு, இன்னொரு நாள் காலையில் அவ்வாவை நிதானமாகக் கூட்டிப் போங்கள்.