கதிரவன் மறவாத நன்றி

விழாக்கால விடுமுறை முடிந்து சென்னை திரும்பும் கார்கள் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வரிசையாய் நிற்கும். வண்டிக்குள் குளிர்ச்சி உண்டு, வசதி உண்டு, முணுமுணுப்பும் ஓயாது. முன்னோர் மாட்டுவண்டியில் கடந்த வழி இது.

அருகிலேயே பனையபுரம் பனங்காட்டீஸ்வரர் ஆலயம். திருஞானசம்பந்தர் பாடிய புறவார் பனங்காட்டூர். தக்கன் வேள்வியில் ஒளியிழந்த சூரியன் இங்கு வழிபட்டு மீளப் பெற்றான் என்கிறது தலபுராணம். பெற்றதை அவன் மறக்கவில்லை. ஆண்டுதோறும் சித்திரை முதல் 7 நாள்கள் காலைக் கதிர்கள் இறைவன்மீதும் சத்தியாம்பிகைமீதும் படர்கின்றன. உலகுக்கே ஒளி வழங்குபவனுக்கு இதற்குமேல் என்ன வேண்டியிருக்கிறது?

சாலை விரிவாக்கத்தால் இவ்வாலயத்திற்கே இடர் நேரவிருந்தபோது ஊரார் திரண்டு எதிர்த்தனர், கோயில் நிலைத்தது. சித்திரை விடியலில் அக்கதிரைக் காண அன்பர்கள் அங்கும் காத்து நிற்கின்றனர். அந்தக் காத்திருப்பை எவரும் குறைகூறுவதில்லை.